கோப்பின் பின்பாதி

1

இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருடம் நிறைந்த அன்று காலையில், எங்கள் பல்கலைக்கழகக் கட்டிடத்தில் தீ ஒத்திகைக்கான மணி அடித்தது. ஒத்திகைதான் என்று முதல் நாளே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்களாம். நான் பார்க்கவில்லை. மணி ஓயும்போது மூன்று மாடி இறங்கி, புல்வெளியைக் கடந்து, தெருவோரத்து மேப்பிள் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றிருந்தேன். மற்றவர்கள் காப்பிக் கோப்பையும் கையுமாக, பேசிச் சிரித்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். எங்கள் துறைச் செயலாளர், அன்பான பெண்மணி, என் பாதங்களையே பார்த்தார்.

"செருப்பு எங்கே?"

மேசைக்கு அடியில் கிடந்தது. பதினெட்டு வருடமும் என் அறையில் வெறுங்காலோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். வான்கூவரின் மழைக்குளிர் தரை வழியாக ஏறினாலும் அப்படித்தான். அவரிடம் ஏதோ பழக்கம் என்று சொல்லிச் சிரித்துவைத்தேன். சிவகாசிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பட்டாசு ஆலையில் வெடிமருந்து புழங்கும் அறைக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. அடியில் ஒட்டிய ஒரு மணல், ஒரு ஆணி, தரையில் உரசினால் போதும். அதனால் ஒவ்வொரு அறை வாசலிலும் செருப்புகள் கிடக்கும். நான்கு பேர் வேலை செய்யும் அறை என்றால் நான்கு ஜோடி. ரப்பர் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு, மகள் போட்டுக் கழித்த செருப்பு.

இன்னொன்றும் தெரியும் நம் ஊர்க்காரர்களுக்கு. வெடித்து முடிந்து புகை அடங்கியதும் முதலில் எண்ணுவது ஆட்களை அல்ல. வாசலில் கிடக்கும் செருப்புகளை.

ஒத்திகை முடிந்து அறைக்குத் திரும்பினேன். மேசைமேல் ஒரு கோப்பு திறந்து கிடந்தது. அந்தக் கோப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது என் தங்கையைப் பற்றியதாகிவிட்டது.

2

என் தொழில் நவீன சீனத்தின் வரலாறு. குறிப்பாக, சாதாரண ஜனங்கள் அதிகாரிகளுக்கு எழுதிய மனுக்களும் புகார்க் கடிதங்களும். சிவகாசிக்குப் பக்கத்து நாரணாபுரத்துக்காரிக்கு இது எப்படி வாய்த்தது என்று கருத்தரங்குகளில் கேட்கிறார்கள். மாநாட்டுக்கு ஒன்று, விசா அதிகாரிக்கு ஒன்று என்று இரண்டு மூன்று பதில்கள் தயாராக வைத்திருக்கிறேன். உண்மையான பதிலை எங்கும் சொன்னதில்லை.

எனக்கு ஏழெட்டு வயதில் எங்கள் வீட்டுக்குப் பழைய பேப்பர் வரும். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்து தூத்துக்குடியில் இறங்கிய லோடு என்பார்கள். அதைக் கிழித்து, மயில்துத்தம் போட்ட மைதாப் பசை தடவி, கம்பியில் சுற்றி, வெடிக்கான குழாய் உருட்டுவோம். நானும் தங்கை பேச்சியும் எதிரெதிரே உட்கார்ந்து உருட்டுவோம். அவளுக்கு வேகம். எனக்கு ஒவ்வொரு துண்டையும் உருட்டுவதற்கு முன் படித்தாக வேண்டும். தமிழ்ப் பேப்பர் வந்தால் படிப்பேன், இங்கிலீஷ் வந்தால் எழுத்துக்கூட்டுவேன். ஒருநாள் ஒரு கட்டு முழுக்கப் பூச்சி ஊர்ந்த மாதிரி ஏதோ எழுத்து. அதில் ஒரே ஓர் எழுத்து மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு காலை அகட்டி வைத்து நடக்கிற ஓர் ஆள். பக்கத்துக்குப் பத்து ஆள், இருபது ஆள், எங்கேயோ நடந்துகொண்டே இருந்தார்கள்.

"படிக்கியா, உருட்டுறியா?" என்பாள் பேச்சி. பசைக்கையால் என் துண்டைப் பிடுங்கி அவளே உருட்டிவிடுவாள். அதனால் பேச்சிக்கும் ஒரு பழக்கம் தொற்றியது. எதை உருட்டினாலும் முதலில் ஒரு பார்வை பார்ப்பாள், அக்கா கேட்டால் சொல்ல வேண்டுமே என்று. ஆறாம் வகுப்போடு நின்றவள். இன்றும் வாசிக்கிறாள். புத்தகம் கையில் எடுக்க மாட்டாள், கிழிந்த தாள் என்றால் விடமாட்டாள்.

விருதுநகரில் கல்லூரி, மதுரையில் முதுகலை, பிறகு தில்லி. தில்லியில் சீன மொழி வகுப்பில் ஐந்து பேர் இருந்தோம். மூவர் ராணுவத்திலிருந்து வந்தவர்கள். முதல் நாள் ஆசிரியர் கரும்பலகையில் அந்த நடக்கிற ஆளை வரைந்தார். மனிதன் என்றார். எத்தனை ஆயிரம் மனிதர்களைப் பசை தடவிச் சுருட்டி, மருந்து அடைப்பதற்குக் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

3

குடியேறுவதற்கான விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: வெடிபொருட்களைக் கையாண்டதோ அதில் பயிற்சி பெற்றதோ உண்டா? பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திரி சொருகிய விரல்கள்தான் அந்தப் பேனாவைப் பிடித்திருந்தன. இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டேன். இந்த நாட்டுக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் பொய் அது.

போன முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது அந்தப் பொய் பெட்டியோடு வந்தது. பேச்சி எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைத் தன் பழைய நூல் சேலையில் சுற்றி வைத்திருந்தாள். விமான நிலையத்தில் ஒரு பஞ்சுத் துணியால் பெட்டியைத் துடைத்து இயந்திரத்தில் வைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்பத் துடைத்தார்கள். திரும்பவும் சிவப்பு. தனி அறை, கையுறை, பாஸ்போர்ட், என்ன வேலை, எதற்காகப் போனீர்கள். சேலையை இரு விரலால் தூக்கிப் பிடித்து, இது யாருடையது என்றார் அதிகாரி.

"என் தங்கையுடையது."

"அவர் என்ன செய்கிறார்?"

தீபாவளிக்கு வெடி செய்கிறாள் என்றேன். அவர் அதைக் கணினியில் எப்படிப் பதிவு செய்தார் என்று தெரியாது. ஊறுகாயைக் கொடுத்தார், சேலையைக் கொடுக்கவில்லை. துவைத்துத் துவைத்து வெளுத்த சேலை அது. அதற்குள்ளும் மருந்து உட்கார்ந்திருக்கிறது என்றால் அவள் தலைமுடியில், நகக்கண்ணில், மூச்சில் எவ்வளவு இருக்கும்? சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது அலுமினியப் பொடி அப்பி, கோவில் சிலைக்கு வெள்ளிக் கவசம் சாத்திய மாதிரி இறங்குவாள். பிள்ளைகள் கிட்டே வந்தால், "தள்ளுலே, தொடாத, குளிச்சுட்டு வாறேன்" என்று விரட்டுவாள்.

4

கோப்புக்கு வருகிறேன். தென் சீனத்தில் ஒரு மாவட்டம். பெயர் வேண்டாம். அங்கேயும் தலைமுறையாகப் பட்டாசுதான். கம்யூன்கள் என்ற கூட்டு அமைப்புகள் வந்த காலத்தில், வீடு வீடாகச் செய்தவர்களை ஓரிடத்தில் சேர்த்து, மாத இலக்கு கொடுத்தார்கள். அந்த ஆலையின் மாதாந்திர அறிக்கைகள்தான் இந்தக் கோப்பு. மாவட்ட ஆவணக் காப்பகத்தில் முன்பாதியை மட்டும் நகலெடுக்க அனுமதித்தார்கள். பின்பாதிக்கு வேறொரு முத்திரை வேண்டும். அந்த முத்திரைக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் தருகிறவர் அடுத்த வருட ஒலிம்பிக் வேலையாகப் பெய்ஜிங் போயிருந்தார். கடைசியில் அந்த ஊரில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், திருமதி சோ, அனுமதி கிடைத்ததும் உட்கார்ந்து கையால் எழுதி அனுப்புகிறேன் என்றார்.

முன்பாதியில் பயங்கரம் எதுவும் இல்லை. இலக்கு கூடுகிறது. காற்று அதிகமென்று அறைகளின் ஒரு பக்கக் கதவைப் பலகை வைத்து அடைக்கிறார்கள். இடம் போதாமல் மரத்தடியில் உட்கார்ந்து வேலை செய்ய அனுமதி கேட்கிறார்கள், கிடைக்கிறது. ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து, முத்திரை. கடைசித் தாளில் ஒரு பென்சில் குறிப்பு: விபத்து விசாரணையைப் பின்பாதியில் காண்க.

இதைப் படித்த வாரம், வழக்கம்போல் சனிக்கிழமை சாயங்காலம் பேச்சியைக் கூப்பிட்டேன். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, லீவு நாள். அவள் வீட்டுக்காரர் மாரியப்பன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பேச்சியும் அங்கேதான் மருந்து அடைக்கிறாள்.

என் மகள் யாழினிதான் முதலில் பேசினாள். பதினைந்து வயது. குறுந்தகட்டில் படித்த தமிழ்.

"சித்தி, தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?"

பேச்சி சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. போனை நான் வாங்கினேன்.

"என்னக்கா, உன் மக ரேடியோல செய்தி வாசிக்க மாதிரில்லா பேசுதா. எனக்கு எந்திரிச்சு நிக்கணும் போல இருக்கு."

"சைனீஸ் நல்லாப் பேசுவா."

"ஆமா, அதை வச்சு நான் என்ன செய்ய? சைனாக்காரி மாமியாளாப் பாத்துக் கட்டிக் குடு."

"அங்கன மழை உண்டா?"

"மழையாவது. காத்துதான். ஆடி பொறக்கதுக்குள்ளயே ஆடிக்காத்து. மருந்து பறக்குன்னு ஒரு பக்கத்துக் கதவைச் சாத்திப் போட்டுருக்கோம்."



"ரெண்டு கதவும் திறந்து கிடக்கணும்லா?"

"காத்து நின்னா திறப்போம்."

"ரூமுக்கு எத்தன பேரு இருக்கீக?"

"போலீஸ்காரி மாதிரி கேக்கா பாரு. நாலு பேருதான். எடுத்துக் குடுக்க ரெண்டு பேரு. அதெல்லாம் கணக்குல வராது. மிச்ச ஆளுக வேப்ப மரத்தடில ரெண்டு செட்டா ஒக்காந்து திரி வைக்குக. சீசன்ல வேற எங்கன போய் ஒக்காரச் சொல்லுத?"

கதவு. மரத்தடி. வரிசை கூட மாறவில்லை. இரண்டு ஊர்களை, இரண்டு காலங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்காதீர்கள் என்று வருடந்தோறும் மாணவர்களுக்குச் சொல்பவள் நான். கோடு போட்டுச் சொல்வேன். அன்று சொன்னது எதுவும் நினைவில் நிற்கவில்லை.

மாரியப்பன் போனை வாங்கினார்.

"மதினி, நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா? இவ ஏதாவது சொல்லிப் பயமுறுத்திட்டாளா?"

மரத்தடி வேலை வேண்டாமே என்றேன், கெஞ்சுகிற மாதிரி.

"ஆர்டரு அம்புட்டு கெடக்கு மதினி. வடக்க லோடு ஏத்தியாகணும். நான் இருக்கேம்லா, பாத்துக்கிட மாட்டேனா?" பிறகு குரலில் ஒரு குறும்பு. "சைனாவப் பத்தித்தான படிக்கீக. அங்கன எப்படி, மிஷினா கையா?"

"நான் படிக்கிற காலத்துல கைதான்."

"அப்ப நம்ம ஆளுகதான். ஒண்ணும் ஆகாது."

அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே அப்போது தெரியாது. பின்பாதி வரவில்லை.

5

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் சோற்றை அளைந்துகொண்டிருந்ததை யாழினி கவனித்தாள். சொன்னேன். அவள் தன் மொழியில், அதாவது இங்கிலீஷில், மிகத் தெளிவாகப் பேசினாள். சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. மீறுகிறார்களா? மீறுகிறார்கள். பார்வையிட அலுவலகம் இருக்கிறதா? இருக்கிறது. அப்புறம் என்ன அம்மா, தெரியப்படுத்த வேண்டியதுதானே? தெரிந்தும் சும்மா இருந்தால் அது உன் தப்பு இல்லையா?

இந்த ஊர்ப் பிள்ளை. பள்ளியில் ஒருவன் இன்னொருவனை இடித்தால் படிவம் நிரப்பி, அதற்குப் பதில் கடிதம் வரப் பார்த்து வளர்ந்தவள். ஓர் அலுவலகத்துக்கு எழுதினால் அந்த அலுவலகம் வந்து நல்லது செய்யும் என்று மழையை நம்புவதுபோல நம்புகிறாள். அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுக்கத்தானே இவ்வளவு தூரம் வந்து அவளைப் பெற்றேன். நான்கே நிமிடத்தில் இணையத்தில் தேடி, விருதுநகர் மாவட்டத்து அலுவலகம் ஒன்றின் மின்னஞ்சல் முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

புகார்க் கடிதங்களைப் படித்தே பேராசிரியை ஆனவள் நான். எழுதியவர் ஒன்று நினைக்க, கடிதம் வேறொன்றைச் செய்துவிட்டு வந்ததைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் எந்த மாதிரிக் கடிதத்துக்கு அதிகாரி எழுந்து வருவார் என்பதும் எனக்குத் தெரியும். பெயர் இருக்கக் கூடாது. ஆனால் இடம் துல்லியமாக இருக்க வேண்டும். எந்த வேப்பமரம், எத்தனாவது அறை, எந்தக் கதவு. கோபம் குறைவாக, விவரம் அதிகமாக. புதிதாக ஒரு முகவரி உண்டாக்கி, உள்ளே வேலை செய்கிற யாரோ எழுதியது போல நம் ஊர்த் தமிழில் எழுதினேன். அறை எண் முதல் எல்லா விவரமும் வாராவாரம் பேச்சி வாயால் சொன்னவை. அவளுக்கு வந்த குடிதண்ணீரைத் திருடி அவள் மேலேயே கொட்டிய மாதிரி இருந்தது. அனுப்பிவிட்டேன்.

யாழினி என் தோளைக் கட்டிக்கொண்டாள். "பெருமையாக இருக்கிறது அம்மா" என்றாள், தமிழில்.

6

பத்து நாள் கழித்து திருமதி சோவின் உறை வந்தது. மெல்லிய கட்டம் போட்ட தாளில் ஊதா மையில், பள்ளிக்கூட ஆசிரியையின் நேரான கையெழுத்தில், கோப்பின் பின்பாதி.

அஞ்சல் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று படித்தேன். முதல் தாளில் ஒரு புகார்க் கடிதத்தைப் பற்றிய பதிவு. யாரோ பெயர் போடாமல் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார்கள். மரத்தடியில் வேலை நடக்கிறது, அறைக்கு இரு மடங்கு ஆட்கள் என்று. அதன்பேரில் பார்வையிட ஆட்கள் வந்திருக்கிறார்கள். வருகிற செய்தி ஆட்களுக்கு முன்னால் வந்துவிட்டது. ஆலைக்காரர்கள் கூடுதல் பெண்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. போனால் வழியில் எதிர்ப்படுவார்களே. மரத்தடியில் காய்ந்தும் காயாமலும் கிடந்த சரக்கை அள்ளி, தானியக் கிடங்கில் போட்டு, பெண்களையும் உள்ளே அனுப்பி, வெளியே தாழ் போட்டார்கள். வாசலில் கிடந்த வைக்கோல் செருப்புகள் எண்ணிக்கையைக் காட்டிக்கொடுக்கும் என்று அவற்றையும் கூடையில் அள்ளி அப்புறப்படுத்தினார்கள்.

பார்வையிட வந்தவர்கள் அறைகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிடங்கு வெடித்துப் போயிற்று.

கடைசித் தாள் ஒரு படிவம். உள்ளே எத்தனை பேர் என்பதற்கு ஒரு கட்டம். அதில் எண் இல்லை. செருப்பு இல்லாததால் எண்ண முடியவில்லை. குடும்பங்கள் ஓர் எண்ணிக்கை சொல்ல, ஆலை வேறொன்று சொல்ல, தீராமல் அந்தக் கட்டம் இன்றுவரை காலியாக இருக்கிறது. ஓரத்தில் திருமதி சோ தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார், மூலத்தில் இந்த இடம் இப்படித்தான் இருக்கிறது, நான் விட்டுவிடவில்லை என்று.

அழைப்பு அட்டையின் எண்களைத் தவறாக அழுத்தினேன், திரும்ப அழுத்தினேன். ஊரில் அப்போது வேலை நேரம் முடிந்து வேன்கள் திரும்பியிருக்க வேண்டும். பேச்சியின் செல்போன் அணைக்கப்பட்டிருந்தது. மாரியப்பனுடையதும். அடுத்த நாளும் அப்படியே. நாரணாபுரத்தில் இன்னொருவர் எண் என்னிடம் இல்லை. பதினெட்டு வருடத்தில் எல்லாரையும் பேச்சி வழியாகவே விசாரித்துப் பழகிவிட்டேன். நான் எழுதிய மின்னஞ்சலைத் திரும்பப் பெற முடியுமா என்று யாழினியிடம் கேட்டேன். அனுப்பியது அனுப்பியதுதான் அம்மா, ஏன், என்ன ஆயிற்று என்றாள். ஊதா மைத் தாளை அவளிடம் நீட்டினேன். சீன எழுத்து அவளுக்குத் தாராளமாக வரும். நின்றபடி படித்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

7

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு ஒரு மிஸ்டு கால். பேச்சியின் எண். பிள்ளை பிறந்தாலும் அவள் மிஸ்டு கால்தான் கொடுப்பாள். திரும்ப அழைத்தேன்.

"ஏ அக்கா! உயிரோட இருக்கியா?" என்றாள். நான் கேட்க வேண்டியதை அவள் கேட்டாள். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் போனை அணைச்சு வச்சிருந்த?"

"முதலாளி எல்லாத்தையும் அணைக்கச் சொல்லிட்டாக. கூத்து நடந்துபோச்சு இங்கன. எவனோ மொட்டைக் கடிதாசி போட்டுட்டான். இப்ப அதுவும் கம்ப்யூட்டர்ல வருதாம்லா! நாசமாப் போறவன், அவன் கையில பாம்பு புடுங்க."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"செக்கிங் வாறாகன்னு காலையில தகவலு. மரத்தடில கெடந்த சரக்கையெல்லாம் அள்ளிப் பின்னால குடோன்ல தட்டியாச்சு. நாங்க ஒரு பதினஞ்சு இருவது பொம்பளைக எங்க போக? எங்களையும் உள்ள போட்டுப் பூட்டிட்டாக. சரக்கு மேல ஒக்காந்து, ரெண்டு மணி நேரம். மூச்சு விட முடியல, சிரிப்பு வேற. செல்லத்தாய்க்குத் தும்மல் வந்துருச்சுக்கா, நான் அவ வாயில சேலையத் திணிச்சேன், பாத்துக்கோ!"

சிரித்தாள். பின்னால் மாரியப்பனும் சிரிப்பது கேட்டது.

"செருப்பு?" என்றேன்.

"என்னது?"

"உங்க செருப்பெல்லாம் எங்க இருந்தது?"

"அட, அதைக் கேக்கியா! இவுகதான் மூளைக்காரராச்சே. வாசல்ல கெடந்தா எண்ணிருவாகன்னு எல்லாத்தையும் சாக்குல அள்ளிக் கட்டிக் கெணத்தடில போட்டுட்டாரு. என் ஒத்தச் செருப்பு இன்னும் கெடைக்கல."

கண்ணை மூடிக்கொண்டேன். தாழ் போட்ட குடோன். வாசல் வெறும் தரை. அதைத் தாண்டி, கையில் காகிதத்தோடு, நான் எழுதியதைப் படித்தபடி நடந்துபோகிற ஓர் அதிகாரி. இந்த முறை ஒன்றும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. தும்மல் வந்த வாயில் சேலையைத் திணித்தாளே, அதுவா?

"கதவைச் சாத்தி வச்சது, மருந்து கூடுதலா வச்சதுன்னு எதையோ கண்டுபிடிச்சு, கம்பெனியப் பூட்டிட்டாக. திறக்க நாளாகும் போல. கிழக்கு ரூமு ராசாத்தி இருக்காள்ள, அவதான் போட்டுருப்பா. போன வாரந்தான் இவுககூடச் சண்டை போட்டா. அவளை நிப்பாட்டியாச்சு. இனி ஒரு கம்பெனிலயும் சேக்க மாட்டாக."

"அவ போடலன்னா?"

"பின்ன எவ போடுவா? அம்புட்டு விவரம் உள்ள இருக்கவளுக்குத்தான் தெரியும்."

சொல்லியிருக்கலாம். இந்த இடத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும். பேச்சி அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

"அதுக்காக ஆர்டர் நிக்குமாக்கா? வேற எடத்துல வேலை நடக்குது. நாளைலேர்ந்து அங்கதான்."

"எந்த எடம்?"

"காட்டுக்குள்ள ஒரு செட்டு. தகரம் போட்டது."

"லைசென்ஸ் உள்ளதா? எந்த ஊரு பக்கம்?"

மாரியப்பன் ஏதோ சொல்வது கேட்டது. பேச்சியின் குரல் தணிந்தது.

"போன்ல கேக்காதக்கா. யாரு மூலமா எங்க போகும்னு தெரியலல்லா. இவுக யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாக. உங்கிட்டக் கூடத்தான்."

8

ஆடி போய் ஆவணியும் போய்விட்டது. தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலங்களில் பேசுகிறோம். சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, யாழினியின் செய்தி வாசிப்பு. இடம் மட்டும் சொல்வதில்லை. அங்கே அறைக்கு எத்தனை பேர் என்று கேட்டால், அறை இருந்தாத்தான என்று சிரிக்கிறாள். இரண்டு கதவு பெரிய கம்பெனிக்கு உள்ளது என்கிறாள். முன்பு எனக்கு அந்த வேப்பமரம் எங்கே இருக்கிறது என்றாவது தெரியும். இப்போது சாத்தூருக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவில், கருவேலங்காட்டுக்குள் எங்கோ ஒரு தகரக் கூரை. எந்த அலுவலகத்தின் காகிதத்திலும் அது இல்லை. என் கடிதம்தான் அவளை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது.

யாழினி படிவங்களைப் பற்றி இப்போது பேசுவதில்லை. சனிக்கிழமைகளில் போன் மணி நின்று பேச்சியின் குரல் கேட்கும்வரை என் பக்கத்தில் வந்து நிற்கிறாள். கேட்டதும் தன் அறைக்குப் போய்விடுகிறாள். அந்தச் சீனக் கோப்பைப் பற்றிய கட்டுரை பாதியில் கிடக்கிறது. அந்தக் காலிக் கட்டத்தைத் தாண்டி எனக்கு ஒரு வரியும் எழுத வரவில்லை.

இந்தக் குறிப்புகளைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். பேச்சி பத்திரிகை வாங்கமாட்டாள். ஆனால் எல்லாப் பத்திரிகையும் கடைசியில் பழைய பேப்பர் கடைக்குப் போகும், அங்கிருந்து சிவகாசிக்கு லோடு ஏறும், கிழிபடும், பசை தடவப்படும். உருட்டுவதற்கு முன் அவள் ஒரு பார்வை பார்ப்பாள். இந்தத் துண்டு அவள் கைக்கே வந்தால்:

பேச்சி, அந்தக் கடிதாசியைப் போட்டது ராசாத்தி இல்லை, நான்தான். அவளைக் கூப்பிட்டு வேலையில் சேர்க்கச் சொல்லு. என்னை என்ன வேண்டுமானாலும் ஏசு. நீ விட்ட சாபம் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. எங்கே வேலை பார்க்கிறாய் என்று எனக்குச் சொல்லவே வேண்டாம். இது ஒன்றை மட்டும் செய். இனி எந்தச் செக்கிங் வந்தாலும், யார் அள்ள வந்தாலும் கொடுக்காதே. உன் செருப்பை வாசலிலேயே போடு.